ஈசானி மூலைச் சட்டை

அந்த ஒரு ஏக்கரின் பத்திரத்தில் சுடர்விழியின் பெயர் கிடையாது. ஆனால் முதல் நாற்று அவள் கையால் நட்டது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் குனிந்த குடும்பம், வலங்கைமான் பக்கத்தில் சொந்தமாக நிலம் வாங்கியபோது மாமியார் ரெங்கம்மாள்தான் சொன்னாள்: "வூட்டுக்கு வந்த மவராசி, ஈசானி மூலையில மொத நாத்து முடிய நீ வையி." அந்த சம்பா நன்றாக விளைந்தது. ராசியான கை என்று ஊர் சொன்னது. சுடர்விழிக்குத் தலைகால் புரியவில்லை.

அறுவடை முடிந்து கும்பகோணம் சாலையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நெல்லைக் கெடுக்கும் குருத்துப்பூச்சியில் பெண், ஆணை அழைக்க ஒரு வாசனை விடும். அதையே செயற்கையாகச் செய்து ரப்பர் மூடியில் ஏற்றிப் பொறியில் வைத்தால், ஆண் பூச்சி வந்து மாட்டிக்கொள்ளும். மூடியில் சொட்டு விடுவது அவள் வேலை. மேற்பார்வை பார்த்த நஜ்மா நல்ல மாதிரி. ஒருநாள் பெண் பூச்சியின் வயிற்று நுனியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து லேசாக அமுக்கிக் காட்டினாள். உள்ளே மடங்கிக் கிடந்த மெல்லிய சவ்வு பிதுங்கி வந்தது.

"வாசனை இங்கேருந்துதான் வருது. நம்ம மூக்குக்கு எட்டாது. ஆணுக்கு நாலு வரப்பு தாண்டித் தெரியும்."

இறக்கையையும் காட்டினாள். முன் இறக்கையோடு பின் இறக்கையைக் கோத்துப் பிடிக்க அடியில் முள் இருக்கிறது. ஆணுக்கு அது ஒற்றை முள், பெண்ணுக்குச் சில முட்கள். பெண்ணின் மஞ்சள் இறக்கையில் கறுப்புப் பொட்டு பளிச்சென்று இருக்கும், ஆண் சின்னது, மங்கல். சுடர்விழி வாய் பிளந்து பார்த்தாள்.

துணியில் வாசனை ஏறிவிடும், மேல்சட்டையைக் கம்பெனியிலேயே கழற்றிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது நஜ்மாவின் கண்டிப்பு. சுடர்விழி கேட்டால்தானே! நடவுக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போடுவது வழக்கம். கணவன் புகழேந்தியின் பழைய நீலச் சட்டையைத்தான் அவள் கம்பெனிக்கும் போட்டாள், வயலுக்கும் போட்டாள். ஒரே சட்டை இரண்டு வேலைக்கும் ஆகட்டுமே என்ற கெட்டிக்காரத்தனம்.

பொழுது சாயும் நேரத்தில் அவள் வரப்பில் நடந்தால் பூச்சிகள் சுற்றத் தொடங்கின. தோளில், காலரில், கைமடிப்பில் வந்து உட்கார்ந்தன. "என்னைப் பொண்ணு பாக்க வந்திருக்கானுவ" என்று அவளே சிரித்தாள். கதிர் வந்தபோது சிரிப்பு நின்றது. வயலில் பாதி வெள்ளைக் கதிர், குருத்துப்பூச்சியின் புழு தண்டைக் குடைந்த பதர். இழுத்தால் கையோடு வந்தது, ஒரு மணி இல்லை. ரெங்கம்மாள் கதிரைப் பார்த்தாள், மருமகளின் தோளைப் பார்த்தாள்.

"நீதான்டி கூட்டியாந்த. இனிமே வயல்ல கால வைக்காத."

சுடர்விழி தோளில் இருந்த பூச்சிகளைத் தீப்பெட்டியில் பிடித்துக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, எல்லாத்துக்கும் ஒத்த முள்ளுதாங்க. அத்தனையும் ஆம்பளப் பூச்சி. இது முட்ட வைக்குமா? பயிரத் திங்குமா? அத்தைகிட்ட நீங்க சொல்லுங்க."

"அம்மாவ எதுத்துப் பேசச் சொல்றியா?" என்றான் புகழேந்தி.

முட்டை வைத்த பெண் பூச்சிகள் அவளைத் தேடி வந்தவையே அல்ல. அதை யாரிடம் போய்ச் சொல்வது? வயல் கிடைத்தால் போதும் என்று வேலையை விட்டாள். சட்டையைத் துவைக்காமலே பிளாஸ்டிக் பையில் சுருட்டி, வாயைக் கட்டிப் பரணில் போட்டாள். வயல் கிடைக்கவில்லை. அடுத்த நடவில் ரெங்கம்மாளே முதல் முடியை வைத்தாள். சுடர்விழி சோற்றுக் கூடையோடு வாய்க்கால் மதகு வரைக்கும் போகலாம், அதற்கு மேல் கூடாது. புகழேந்தி வந்து கூடையை மட்டும் வாங்கிக்கொண்டு போவான். அந்த வருஷமும் வெள்ளைக் கதிர் வந்தது, ஊர் முழுக்க வந்தது. மதகில் நின்று பார்த்தாளே, அந்தக் கண் பட்டது என்றாள் ரெங்கம்மாள்.

மறு வருஷம் நாற்று பச்சை பிடித்த சமயம், விவசாயிகள் கூட்டத்தில் பொறி வைக்கச் சொன்னார்கள். ரப்பர் மூடிதான் அந்தக் கம்பெனியில்கூடக் கிடைக்கவில்லை. ரெங்கம்மாளுக்கு யோசனை உதித்தது.

"அவ சட்ட பரண்லதானே கெடக்கு?"

புகழேந்தி ஏணி போட்டு எடுத்தான். சுடர்விழியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கூடையோடு மதகில் நின்றாள். வயலில் குறுக்குக் குச்சி கட்டிச் சட்டையை மாட்டி, கீழே அகலச் சட்டியில் சோப்புத் தண்ணீர் வைத்திருந்தார்கள். குச்சியை நட்டிருந்த இடம் ஈசானி மூலை. பூச்சிகள் ஒவ்வொன்றாக வந்து காலரைச் சுற்றின.

"எப்புடி மொய்க்குது பாத்தியா!" ரெங்கம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எல்லாம் ஆம்பளப் பூச்சிதான்டா. கூட்டத்துல ஆபீசரே சொன்னாரு."

கூடையை வாங்க வந்த புகழேந்தியிடம் சுடர்விழி கேட்டாள்.

"அந்தச் சட்ட வயலுக்குப் போவலாமா?"

"அது மருந்து மாதிரி, சுடரு."

"நான் அதுக்குள்ள இருந்தப்ப மட்டும் அது பீடையா?"

அவன் கூடைக்குக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.