பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். வீட்டில் சொன்னதில்லை. அதனால் முப்பதைத் தாண்டிய என்னை அக்கா ஊர் ஊராகப் பெண் பார்க்க அழைத்துப் போனாள். போடி, சின்னமனூர், பண்ணைப்புரம் என்று எல்லா ஊர்ப் பஜ்ஜியும் தின்றாயிற்று.

ஒருநாள் பயந்துகொண்டே தேனியில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போனேன். ஆலோசகர் அம்மா, யாரோடு என்று கேட்கவேயில்லை. "ஆணுறை இல்லாம இருந்தது எப்பெப்ப தம்பி?" என்றார்.

யோசித்தேன். மற்ற நாளெல்லாம் கவனமாக இருக்கிறவன், பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு மட்டும், எது வந்தாலும் வரட்டும் என்று யாரையாவது தேடிப் போயிருக்கிறேன். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

தொற்று இல்லை என்று முடிவு வந்தது.

"மூணு மாசம் கழிச்சு இன்னொருக்கா வாங்க. ஆணுறை தாரேன். ஆனா மொதல்ல இந்தப் பொண்ணு பாக்குறத நிறுத்துங்க" என்று சிரித்தார்.

வாசலில் வண்டியை எடுக்கும்போதே அக்காவின் போன்.

"ஏலே, ஞாயித்துக்கிழம கெங்குவார்பட்டிக்குப் பொண்ணு பாக்க வரச் சொல்லியிருக்காக."

"ஆஸ்பத்திரியில போகக் கூடாதுன்னுட்டாகக்கா."

"எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுன்னாகளா? காப்பிய மட்டும் குடிலே!"

அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்த வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்ததும் அக்கா சொன்னாள்:

"ஞாயித்துக்கிழம இங்கன வா. பஜ்ஜிய நானே போட்டுத் தாரேன்."

அதன்பிறகு ஆணுறையை நான் மறந்ததேயில்லை. பயம் விட்டவனுக்குத்தான் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தோன்றும் போலிருக்கிறது.