அத்தானின் சாவி மார்க்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் எங்கள் பட்டறை வெல்டருக்கு முன்னால் ஒரு ஸ்காட்ச் பாட்டிலைத் திறந்து பாருங்கள். வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். ஓசியில் கிடைத்தால் ஒரு சொட்டு விடாத மனுஷர் அவர்!

அவருடைய அக்காள் கணவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம், அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். துணைக்கு இருந்தது வெல்டர் மட்டும்தான்.

அத்தானின் துணிமணிகளை எடுத்து வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தார். மடித்த சட்டைகளுக்குப் பின்னால் ஒரு பாட்டில். சாவிப் படம் போட்ட லேபிள். நூறு வருஷத்துக்கும் மேலாக விற்கிற ஸ்காட்ச்.

"நாப்பது விதச் சரக்கக் கலந்தும் ருசி ஒரு நூல் மாறாது, மச்சான்!" என்று அத்தான் பீற்றிக்கொள்வார். மூக்கருகே காட்டுவார். ஊற்ற மட்டும் மாட்டார். மகா கஞ்சன்.

மூடியின் சீல்கூட உடையவில்லை.

"இனிமே உங்களுக்கு எதுக்கு, அத்தான்?" சிரித்தபடியே மூடியைத் திருகித் திறந்து, ஒரு கிளாஸில் ஊற்றினார். அத்தானின் நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்தார்.

முதல் மடக்கு... சில்லென்று இருந்தது. ஐஸ் எதுவும் போடவில்லை. வெயில் பட்டு அலமாரியே கொதித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது மடக்கில் ஒரு கொழகொழப்பு. நாக்கில் பசையாக ஒட்டியது. வாரக்கணக்கில் மாற்றாத பூ ஜாடித் தண்ணீரின் நாற்றம். பழைய சரக்கென்றால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஓசி ஆயிற்றே. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

மூன்றாவது மடக்கில் பல்லிடுக்கில் எதுவோ சிக்கியது. விரலை விட்டு இழுத்தார். வந்தது... வந்துகொண்டே இருந்தது.

பஞ்சு.

ஊறி, மஞ்சளித்துப்போன பஞ்சு. அதில் ஒட்டியபடி ஒரு நரைத்த மீசை மயிர்.

கிளாஸைக் கீழே வைத்தார்.

மடக்.

யாரோ விழுங்கும் சத்தம்.

அவர் விழுங்கவில்லை.

மடக்... மடக்...

காதோரத்தில்.

பிறகு ஒரு நீண்ட ஏப்பம். அதே நாற்றம்... ஈரமாக... அவர் முகத்தின்மேல்.

சட்டை, தரை என்று பார்க்காமல் வாந்தி எடுத்தார். சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள்.

"என்னடா ஆச்சு?"

"அத்தானோட பாட்டில்க்கா... ஆசப்பட்டு எடுத்துக் குடிச்சிட்டேன்."

"எந்த பாட்டில்?"

மேஜையைக் காட்டினார். அதைப் பார்த்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே சரிந்தாள்.

"வீட்ல இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்டா..." என்றாள் கடைசியில். "அவரோட ஆசையாச்சேன்னு, சவப்பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி நானே அவர் வாயில ஊத்தினேன். கடைசிச் சொட்டு வரைக்கும். காலி பாட்டிலயும் அவர் பக்கத்துல வெச்சுத்தான் மூடச் சொன்னேன்."