பதினோராவது கேள்வி

கடல்கடந்து வந்து நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பென்ரோஸ் கிடங்கில் யோகராணி அடுக்கிய பெட்டி ஒன்றுகூடக் கோணாது. அவள் சொன்ன சொல்லும் அப்படித்தான், லேசில் மாறாது. அவள் யாழ்ப்பாணத்துக்காரி, நான் மதுரைக்காரி. ஒன்பது வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அவளும் மகள் சிவானியும் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் அவளை, வழக்கு விசாரணையில் பொதுமக்களே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரிக் கடமைக்கு அழைத்திருந்தார்கள். குலுக்கலில் பேர் விழவில்லை. திரும்பும்போது ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர், போனில் நிரப்பும்படி ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். சிறுவர் மீதான பாலியல் கொடுமை பற்றி ஜூரியாக வரக்கூடியவர்களுக்கு என்ன தெரியும், எதைத் தப்பாக நம்புகிறார்கள் என்று அளக்கிற ஆய்வு அது.

மறுநாள் வியாழக்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தட்டினாள்.

"சீதா, இதெல்லாம் ஆருக்குத்தான் தெரியாது?"

பதினோராவது வாசகம்: கொடுமைக்கு ஆளான குழந்தை அந்த ஆளிடம் பிறகு பாசமாக நடந்துகொள்ளாது. சட்டென்று 'சரி' என்று தட்டினாள். நானாக இருந்தாலும் அதையேதான் தட்டியிருப்பேன்.

முடித்ததும் திரையில் விடைகள் வந்தன. பதினொன்று, தவறு. பல குழந்தைகள் பயத்தாலோ வீட்டார் எதிர்பார்ப்பதாலோ அந்த ஆளிடம் வழக்கம்போலவே பழகுவார்கள். உடனே வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

யோகராணி சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"சிவானி பதினைஞ்சு வயசில என்னட்டச் சொன்னவள். பாட்டு வாத்தியார் ரெண்டு வருசமா..." பெட்டியின் மூடியை மறுபடி அழுத்தினாள். "நான் என்ன கேட்டனான் தெரியுமோ? அரங்கேற்றத்தில எல்லாருக்கும் முன்னால அவற்ற காலில விழுந்து கும்பிட்டனீ, சிரிச்சுக்கொண்டு தட்டம் குடுத்தனீ, இப்ப ஏன் பொய் சொல்லுறாய் எண்டு."

தட்டத்தில் பழமும் பட்டு வேட்டியும் வைத்து, 'விழு' என்று மகளின் முதுகில் கைவைத்தது இவளேதான்; அதையும் அவளே சொன்னாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஆள் இன்னமும் சொல்லிக்கொடுக்கிறாரா?"

"ஓம். சனிக்கிழமையில, பிளாட் புஷ்ஷில. பதினாலு பிள்ளையள்."

அடுத்த வகுப்புக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் நின்று சிவானிக்கு போன் போட்டாள். சிவானிக்கு இப்போது இருபத்து மூன்று வயது, ஒனிஹங்காவில் தனியாக இருக்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"நீ சொன்னது உண்மை, பிள்ளை. நான்தான் நம்பாமல் விட்டிட்டன்."

எப்போதும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற பெண் தமிழில் கேட்டாள்: "பொலிசுக்குப் போனா, நீங்கள் என்னோட வருவீங்களோ?"

"வாறன்."

வெள்ளிக்கிழமை காலை நான்தான் கார் ஓட்டினேன். வழியில் ஒனிஹங்காவில் சிவானியை ஏற்றிக்கொண்டோம். ஸ்டேஷனில் அதிகாரி தாயைப் பார்த்து, "உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நேற்று என்று சொல்லித் தப்பித்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சிவானி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு வருடமாகத் தெரியும்," என்றாள் யோகராணி. "மகள் சொன்னாள், நான் நம்பவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

சிவானி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.