அத்தானின் கணினியில் இன்னொரு கணக்கு

லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிடும் ஒரு குழுவுக்காக நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வெளியாட்கள் எழுதிய மென்பொருளை எங்கள் அதிகாரபூர்வ ஆதரவில் சேர்க்கலாமா என்று சோதித்துச் சொல்வது என் பொறுப்பு. சேர்த்துவிட்டால், பிறகு அதில் எந்த ஓட்டை வெளிப்பட்டாலும் வருடக்கணக்கில் நாங்கள்தான் அடைக்க வேண்டும். அதனால் நான் லேசில் சரி என்று சொல்வதில்லை. வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர்.

அந்த முறை வந்தது ஒரு பாதுகாப்புத் தணிக்கை மென்பொருள். ஒரு கணினியில் ஓட்டினால் அதன் மூலைமுடுக்கெல்லாம் தேடி, வெளியாள் நுழைய எங்கே இடமிருக்கிறது என்று சொல்லும். நிரலை முழுக்கப் படித்தேன். சுத்தமாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் என் சோதனைக் கணினிகள் எல்லாம் புதிதாக அமைத்தவை. அவற்றில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. பல வருடம் பல பேர் கைபட்ட பழைய கணினியில் இது ஒழுங்காக நடந்துகொள்கிறதா, இல்லாததை இருப்பதாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், போர்ட் கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருக்கிறார். துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றிப் போகும் வேலை. எந்த லோரி எந்தக் கொள்கலனோடு எப்போது கிளம்புகிறது என்பதெல்லாம் அலுவலகத்தில் ஒரு பழைய லினக்ஸ் கணினியில் இருக்கும். கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

"என்னமோ பண்ணிக்கோ லா. லோரி மட்டும் நிக்கக்கூடாது."

ஒரு மத்தியானம் ரயிலேறிப் போனேன். வெளியே யார்டில் டீசல் புகையும் சூடும். உள்ளே ஏர்கான் குளிரில் அத்தான் பக்கத்து மேசையில் ரோட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மென்பொருளை ஓட்டினேன். திரையில் பச்சையும் மஞ்சளுமாக வரிகள் ஓடின. நடுவில் ஒரு சிவப்பு வரி.

லினக்ஸில் ரூட் என்று ஒரு கணக்கு உண்டு. கணினியில் எதை வேண்டுமானாலும் பார்க்கவும் மாற்றவும் அதற்கு அதிகாரம் இருக்கிறது. அப்படிப்பட்ட கணக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இந்தக் கணினியில் அதே அதிகாரத்தோடு இன்னொன்று இருப்பதாக அந்த வரி சொன்னது.

பொய் எச்சரிக்கையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், மென்பொருளில் ஒரு குறை கிடைத்ததே என்று கொஞ்சம் சந்தோஷம்கூட. கையால் சரிபார்த்தேன். கணக்கு இருந்தது. அன்று காலையிலும் யாரோ அதன் வழியாக உள்ளே வந்து, அன்றைய லோரிகள் கிளம்பும் நேரங்களைப் படித்திருந்தார்கள்.

"அத்தான், இந்தக் கணக்கு யாரோடது?"

அவர் எட்டித் திரையைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். "வெளிய வா," என்றார்.

வெளியே டயர் அடுக்கி வைத்திருந்த பக்கம் கூட்டிப் போனார். "அது இருக்கட்டும். தொடாதே."

"தெரிஞ்சேதான் வச்சிருக்கீங்களா?"

"நம்ம டிரைவர் ஒருத்தன் பைக்ல இருந்து விழுந்துட்டான்னு அக்கா சொல்லியிருப்பா. விழல. அடிச்சாங்க. மறுநாள் வந்து இந்தக் கணக்கைக் கேட்டாங்க, கொடுத்தேன்."

"யாரு?"

அதற்குள் அவருடைய கைப்பேசி அடித்தது. எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார். எதிரில் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவர் பேசியது மட்டும் கேட்டது.

"இல்ல பாஸ். வைஃபோட தங்கச்சி. பிரிண்டர் பாக்க வந்தா." கொஞ்ச நேரம் கேட்டார். "ஆமா பாஸ். பிரிக்ஃபீல்ட்ஸ்தான்."

நான் எங்கே குடியிருக்கிறேன் என்று அத்தான் சொல்லவில்லை. அவர்கள் சொன்னார்கள், இவர் ஆமாம் போட்டார்.

கணினியில் நான் போட்டதையெல்லாம் நீக்கிவிட்டுக் கிளம்பினேன். ரயிலில் என் எதிரே உட்கார்ந்தவர் கைப்பேசியிலேயே கண்ணாக இருந்தார். கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் நான் இறங்கியபோது அவரும் இறங்கினார். அங்கே எல்லோரும்தான் இறங்குவார்கள். இருந்தாலும் நேரே வீட்டுக்குப் போகாமல், பூக்கடைகளைத் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்து, வாங்கிய தே தாரிக் டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மதிப்பீட்டை எழுதினேன். மென்பொருள் தப்புச் சொல்லவில்லை, ஆதரவுக்குத் தகுதியானதுதான். ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தேன்: இது ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்வதில்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பவர் யாராயினும் சோதனை நடப்பதை அப்போதே பார்த்துவிடலாம். வேறொரு நாட்டிலிருக்கும் சக ஊழியர் படித்துவிட்டு, அது எல்லா மென்பொருளுக்கும் பொருந்தும், விளக்கக் குறிப்பில் ஒரு வரி போட்டால் போதும் என்றார். தொழில்முறையில் அவர் சொன்னது சரி. ஆதரவில் சேர்த்தோம்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போலீசுக்குப் போகலாம் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை.

"அவருகிட்ட கேட்டுட்டேன். போனா அடுத்து யாரை அடிப்பாங்கன்னு அவருக்குத் தெரியும்ங்கிறாரு. அதுக்கு மேல என்ன பேசுறது?"

அதன்பின் சில வாரங்கள் எதுவும் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் அக்கா இரண்டு பிள்ளைகளோடும் பைகளோடும் என் வீட்டுக்கு வந்து நின்றாள். பிள்ளைகளை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டர் இல்ல. புதுசு வந்திருக்கு," என்றாள்.

"அத்தான் வாங்கினாரா?"

"இல்ல. காலையில ஷட்டரைத் திறந்தா மேசை மேல இருக்கு. பழசுல இருந்த எல்லாமே அதுலயும் இருக்கு. வேலை நல்லா ஓடுதுங்கிறாரு."

"அவரு வரலையா?"

"லோரி போகணுமாம்."

பைகளை உள் அறையில் வைத்தேன். இப்போது பிள்ளைகள் இங்கிருந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிடுகிறார். கைப்பேசி அடித்தால் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுகிறார். நாங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அவர் திரும்பி வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.