தொடையெலும்பில் ஒரு புள்ளி

எலும்பு ஸ்கேன் எடுக்கிற வேலையில் வாயைவிட முகத்தைத்தான் பூட்டி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் குப்பை கொட்டும் சகாக்களே, அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில், தி.நகர் ஸ்கேன் சென்டர் ஒன்றில் நான் பூட்டிய லட்சணத்தைக் கேளுங்கள்.

ஏகாதசித் தண்ணீர்

மயிலாப்பூர் கணக்கு டீச்சர் ஒருவர் வந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். ஊசியில் ஏற்றும் கதிர்மருந்து, பரவிய இடத்தில் கூடுதலாகச் சேர்ந்து திரையில் கரும்புள்ளியாகத் தெரியும். மிச்சம் சிறுநீரில் போய்விட, மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்றைக்குப் பார்த்து ஏகாதசி. மடிசாரில் வந்திருந்தவர், ஒரு சொட்டுகூட வாயில் படாது என்றார். தண்ணீரும் மருந்தோடு சேர்த்திதான் என்று கெஞ்சினேன். யோசித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஜாவைத் திறந்தார். "மருந்துன்னா குடிக்கறேன். தாகத்துக்குக் குடிச்சேன்னு நீ எழுதிடப்படாது."

ராணியின் கேள்வி

ஸ்கேனுக்கு மாற்றிக்கொள்ளக் கொடுத்த, ஊரார் உடுத்திய கவுனைப் போட மாட்டேன் என்றார். பருத்திப் புடவைதானே என்று நானும் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். படம் பாதி ஓடும்போது, இடது தொடையெலும்பில் ஒரு கரும்புள்ளி. முகத்தைப் பூட்டிக்கொண்டதாகத்தான் நினைத்தேன். அப்போது உள்ளே வந்த எங்கள் சைதாப்பேட்டை ஆயா ராணி, டீச்சரின் காதுபடவே கேட்டாள்: "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

கவுன்

அப்புறம்தான் புத்தி வந்தது. அத்தனை தண்ணீர் குடித்து, பத்துத் தடவை பாத்ரூம் போனவர். ஒன்பது கஜத்தில் எங்காவது ஒரு சொட்டு சிறுநீர் பட்டிருந்தாலும், அதிலுள்ள மருந்து திரையில் எலும்பிலேயே இருப்பதுபோலத்தான் தெரியும். புடவையை மாற்றி, காலைக் கழுவிக்கொண்டு கவுனில் வரச் சொன்னேன். ஊரார் உடுத்திய அதே கவுனை இந்த முறை அவரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

மறுபடி எடுத்தேன். புள்ளி இல்லை. டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, எலும்புக்குப் பரவவில்லை என்று அவரிடமே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் கவுனில் உட்கார்ந்தபடி மடிசாரைச் சுருட்டிப் பையில் திணித்தார். "புடவையை மாத்துங்கோன்னியே, அப்பவே உன் மூஞ்சி எனக்கு ரிசல்ட் சொல்லிடுத்து. கால் மணி நேரம் செத்துப் பொழச்சேன். விடை தப்பு, உன் மூஞ்சிக்கு சைபர் மார்க்."

அதற்கப்புறம் கவுன் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, முகம்தான் இன்னும் பாஸாகவில்லை.