செல்வநாயகியின் நீச்சல் கண்ணாடி

விநாசித்தம்பிக்கு நீச்சல் தெரியும் என்பது பினாங்குத் தமிழருக்கெல்லாம் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். கல்யாண வீடானாலும் செத்த வீடானாலும், வாலிபத்தில் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து கடலை நீந்திக் கடந்த கதையை அவிழ்த்துவிடாமல் அவருக்குச் சோறு இறங்காது. கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் பெரிய கிராணி வேறு. கப்பலைப் பார்த்துப் பார்த்தே நீச்சல் வந்திருக்கும் போலும்.

இந்தக் கதையை அதிகம் கேட்ட பாவி அவருடைய மனைவி செல்வநாயகி. அவளுக்குச் சிறு வயதிலேயே கிட்டப்பார்வை. பெண் பார்க்க வந்த அன்று, கண்ணாடியைக் கண்டால் சம்பந்தம் கைவிட்டுப் போகும் என்று தாய் அதைக் கழற்றி அலுமாரியில் பூட்டிவிட்டாள். மாப்பிள்ளை என்று அவள் கண்டது ஒரு வெள்ளைச் சட்டையையும் ஒரு குரலையும்தான். அந்தக் குரல் அப்போதும் கடலைக் கடந்துகொண்டிருந்தது.

ஐம்பதை நெருங்கியபோது அவளுக்கு முழங்கால் மடங்க மறுத்தது. டாக்டர் நீந்தச் சொன்னார். கற்றுக்கொடுக்க முடியாது என்று விநாசித்தம்பி எந்த வாயால் சொல்வார்? ஞாயிறுதோறும் ஜெலுத்தோங் வீட்டிலிருந்து இருவரும் நீச்சல் குளத்துக்குப் போனார்கள்.

அவள் சீக்கிரமே மிதந்தாள், கையையும் வீசினாள். ஆனால் கண்ணாடியைக் கழற்றினால் சுவர் எது, மனிதர் எது என்று தெரியவில்லை. ஒரு சீனக் கிழவி மேல் போய் மோதினாள். அன்றிலிருந்து அவர் பக்கத்திலேயே வந்து, "இடது! வலது!" என்று மாடு ஓட்டுவதுபோல ஓட்டினார். ஆழமான பக்கம் போக விடவில்லை. கரையில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"உன்னைப் பார்த்துத்தான் சிரிக்குதுகள்," என்றார்.

அவளுக்கு உடம்பே கூசியது. பார்வை இருந்தால் தனியாக நீந்தலாமே, இந்தச் சிரிப்பும் இராதே என்று ஏங்கினாள்.

"பவர் போட்ட நீச்சல் கண்ணாடி இருக்காமே, வாங்குவமா?"

"தண்ணிக்குள்ள என்ன பேப்பரா படிக்கப் போறாய்?"

பதிலுக்கு அவர் வாங்கி வந்தது பெரிய முக்குளிப்பு முகமூடி. மூக்குக் கண்ணாடியைப் போட்டபடியே அதை மாட்டலாமாம். காதில் மாட்டிய கண்ணாடிக் காம்பு முகமூடியைத் தூக்கிய இடுக்கு வழியே தண்ணீர் நுழைந்து, மூக்கு வரை நிறைந்து, அவள் இருமி இருமிச் சாகப் பார்த்தாள். பெரிய மூளை!

மறுநாள் அவள் தனியாகவே பஸ் ஏறினாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் ஹபீபா பீவி சின்னச் சின்னக் கிண்ணம்போல் வில்லைகளை எடுத்து வைத்தாள்.

"வலது ஆறு, இடது நாலரை. ரெண்டு பக்கமும் தனித்தனியா மாட்டித் தரலாம் அக்கா. வாரைப் போடாம சும்மா கண்ணில அமுக்கிப் பாருங்க. கையை எடுத்தாலும் கொஞ்ச நேரம் ஒட்டி நிக்கணும். நின்னாத்தான் தண்ணி போகாதுலா."

முதல் இரண்டும் வழுக்கி விழுந்தன. மூன்றாவது கவ்விப் பிடித்தது. எதிர்ச்சுவர் நாட்காட்டியின் தேதி பளிச்சென்று தெரிந்தது. செல்வநாயகிக்கு அழுகை வந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகும் முதல் வழி அதுதான் என்று சிரித்துக்கொண்டே கழற்றினாள்.

ஞாயிறன்று குளத்தில் அதைக் கண்டதும் விநாசித்தம்பியின் முகம் சுண்டிப்போனது.

"இண்டைக்கு எனக்குத் தலை இடிக்குது. வீட்ட போவமா?"

அவள் கேட்கவில்லை. தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்தினாள். அடித்தளத்து ஓடுகள், கறுப்புக் கோடு, யாரோ தவறவிட்ட கொண்டை ஊசி, எல்லாம் தெரிந்தன. வேறு வழியில்லாமல் அவரும் பக்கத்தில் இறங்கினார். மேலே கைகள் சுழன்று தண்ணீரை வாரி இறைத்தன. கீழே, கடல் கடந்த அந்த இரண்டு கால்களும் ஓடு ஓடாக மிதித்து, நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தன.

கரையில் பிள்ளைகள் சிரித்தன. எதைப் பார்த்து என்று அவளுக்கு இப்போது விளங்கியது. இத்தனை நாளும் அந்த வெட்கத்தைத் தன் தலையில் சுமந்ததை நினைக்க நெஞ்சு எரிந்தது.

அவள் நிமிர்ந்து நின்றாள். அவரும் கையை நிறுத்தினார்.

"என்ன, ஏதும் தெரியுதா?"

"எல்லாம் தெரியுது."

அவள் வாரை இறுக்கிக்கொண்டு ஆழமான பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் ஆறுதலா நடந்து வாங்கோ. நான் நீந்திப் போறன்."