ஈ அண்டாத கருவாடு

இன்னைக்குக் கிருஷ்ணகிரி சந்தையில கருவாடு வாங்கப் போனேன். எல்லாக் கடையிலும் ஈ மொய்க்குது, ஒரு கிழவி கூடையில மட்டும் ஒண்ணுகூட இல்ல.

ஆசையா நெத்திலியை அள்ளினேன். கையெல்லாம் வெள்ளைத் தூள்.

"உப்பா ஆயா?"

"இல்லம்மா, டிடிடி பவுடரு. மலேரியாவுக்கு வீடு வீடா அடிக்கிறாங்களே, அதான். கழுவினாப் போயிரும்."

வெடுக்குன்னு கையை உதறினேன்.

"ஈயைக் கொல்ற மருந்தை மனுஷன் தின்னலாமா?"

"நாங்க தினம் தின்னுறோம், என்ன ஆச்சு?" பொக்கை வாயால சிரிச்சாங்க, கை வெடவெடன்னு நடுங்குது. "ஆயான்னு கூப்பிடாதம்மா. எனக்கு முப்பத்தாறுதான்."

அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். சோப்புப் போட்டுக் கழுவியும் நாத்தம் போகல.

இனி வீட்ல கருவாட்டுக் குழம்பு கிடையாதுன்னு சொன்னா, வீட்டுக்காரரு, "இத்தனை வருஷமா தின்னோமே, செத்தா போனோம்?"ங்கிறாரு.

யாராவது அவருக்குப் பதில் சொல்லுங்களேன்!